முதுகெலும்பைச் சீராக்கும் தொழில்: கைரோபிராக்டராகும் முன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளியாகும் கோடைக்காலத்தில், வங்கிக் கிளைகளின் கல்விக்கடன் மேசையில் வழக்கமாகக் கேட்கும் சொற்கள் பொறியியல், மருத்துவம், செவிலியம், மேலாண்மை என்பனவே. அண்மை ஆண்டுகளில் இவற்றோடு 'கைரோபிராக்டிக்' என்ற பெயரும் சேர்ந்துள்ளது. கழுத்தையோ முதுகையோ நொடிப்பொழுதில் திருப்பி 'சடக்' என்ற ஒலியை எழுப்பும் காணொளிகளைக் கைபேசியில் காணாதவர் குறைவு. படுக்கையிலிருந்து எழும் நோயாளி புன்னகைக்கிறார், பார்ப்பவர் வியக்கிறார். இதையே தொழிலாகப் பயின்றால் என்ன என்ற எண்ணம் இளைஞர் மனத்தில் எழுவது இயல்பு.

அந்த எண்ணத்தை ஊக்குவிப்பதோ தடுப்பதோ நமது நோக்கம் அன்று. பல லட்சம் ரூபாய் கடனையும், பல ஆண்டுக் காலத்தையும், பல குடும்பங்களில் ஒரே சொத்தான வீட்டின் பத்திரத்தையும் பணயமாக வைக்கும் முடிவு இது. எனவே, இத்தொழில் என்ன, அதைச் சட்டம் எவ்வாறு பார்க்கிறது, எங்கே படிக்கலாம், எவ்வளவு செலவாகும், வேறு வழிகள் உண்டா ஆகியவற்றை வரவுசெலவுக் கணக்கு எழுதும் நிதானத்தோடு வாசகர்களுக்கு முன்வைக்கிறோம்.

தொழில் பிறந்த கதை

'கைரோபிராக்டிக்' என்பது கிரேக்கச் சொற்களிலிருந்து உருவாக்கப்பட்ட பெயர். 'கையால் செய்யப்படுவது' என்பது அதன் பொருள். அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலுள்ள டேவன்போர்ட் நகரில் 1895 செப்டம்பர் 18 அன்று இம்முறை தொடங்கியதாகக் கூறப்படுகிறது. கனடாவில் பிறந்து, டேவன்போர்ட்டில் காந்த சிகிச்சை செய்துவந்த டேனியல் டேவிட் பால்மர் என்பவர், செவித்திறன் குன்றியிருந்த ஹார்வி லில்லார்ட் என்ற துப்புரவுப் பணியாளரின் முதுகெலும்பில் ஒரு முள்ளெலும்பை அழுத்திச் சீராக்கியதாகவும், அதன்பின் அவருக்குக் கேட்கும் திறன் திரும்பியதாகவும் அறிவித்தார். 1897இல் பால்மர் ஒரு பள்ளியையும் தொடங்கினார். உரிமம் இன்றிச் சிகிச்சை அளித்த குற்றத்திற்காக 1906இல் சிறைக்கும் சென்றார்.

சட்ட ஏற்பு எளிதில் கிடைக்கவில்லை. அமெரிக்க மாநிலங்களுள் முதலாவதாகக் கன்சாஸ் 1913இல் இத்தொழிலுக்கு உரிமச் சட்டம் இயற்றியது. கடைசி மாநிலமான லூசியானா 1974இல்தான் இயற்றியது. இடைப்பட்ட காலம் 61 ஆண்டுகள். இத்தொழிலைப் புறக்கணிக்குமாறு தன் உறுப்பினர்களைத் தூண்டியதாக அமெரிக்க மருத்துவச் சங்கத்தின்மீது 1976இல் தொடரப்பட்ட வழக்கில், 1987இல் கைரோபிராக்டர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. ஒரு தொழில் தன் தாய்நாட்டிலேயே காலூன்ற இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது. அத்தகைய சட்டம் இன்னும் பிறக்காத நாட்டில் அத்தொழிலைத் தொடங்க எண்ணுவோர் இந்த வரலாற்றை நினைவில் கொள்ளல் நலம்.

அறிவியல் சொல்வது என்ன?

நோய்களில் பெரும்பகுதிக்கு முள்ளெலும்பு இடம்பெயர்தலே காரணம் என்பது பால்மரின் கொள்கை. இன்றைய மருத்துவ அறிவியல் அதை ஏற்பதில்லை. பிரிட்டனில் இத்தொழிலை நெறிப்படுத்தும் பொதுக் கைரோபிராக்டிக் மன்றமே, இக்கோட்பாடு ஒரு வரலாற்றுக் கருத்து என்றும், அது நோய்க்குக் காரணம் என்பதற்கு ஆய்வுச் சான்று இல்லை என்றும் 2010இல் அறிவித்தது.

ஆனால் இடுப்புவலி, முதுகுவலி ஆகியவற்றில் நிலைமை வேறு. அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல், கீழ்முதுகு வலிக்கு மருந்தில்லாச் சிகிச்சைகளை முதலில் முயலலாம் எனக் கூறி, முதுகெலும்புக் கைமுறைச் சிகிச்சையையும் அவற்றுள் ஒன்றாகக் குறிப்பிட்டது. பிரிட்டனின் 'நைஸ்' நிறுவனம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதலோ, உடற்பயிற்சியோடு இணைந்த சிகிச்சைத் தொகுப்பின் ஒரு பகுதியாக மட்டுமே இதை ஏற்றது. சுருங்கக் கூறின், இது பயனற்றதும் அன்று, சர்வரோக நிவாரணியும் அன்று. காணொளியில் கேட்கும் 'சடக்' ஒலியும் எலும்பு தன் இடத்தில் சென்று பொருந்தும் ஓசை அன்று. மூட்டுத் திரவத்தில் வாயுக்குமிழ் உருவாவதோடு தொடர்புடையது.

ஆபத்துகளையும் அறிந்திருக்க வேண்டும். கழுத்தை விசையோடு திருப்பும் முறையில், மூளைக்குக் குருதி செல்லும் தமனியின் சுவர் கிழிந்து பக்கவாதம் ஏற்பட்ட நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. இவை அரிதானவை; ஆயினும் கடுமையானவை. எலும்பு முறிவு, எலும்புத் தேய்மான நோய், புற்றுநோய், முதுகெலும்பில் தொற்று ஆகியவை உள்ளவர்களுக்கு இத்தகைய அழுத்தம் தரலாகாது. எவரைத் தொடக்கூடாது என்று கண்டறிவதுதான் இப்படிப்பின் கடினமான பகுதி. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2005இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், முழுமையான பயிற்சிக்குக் குறைந்தது 4,200 மணி நேரம் தேவை எனக் குறிப்பிட்டது.

இந்த எண்ணை வாசகர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டுகிறோம். சில நாள்களிலோ சில வாரங்களிலோ முடியும் வகுப்புகளுக்குக் கட்டணம் பெற்றுக்கொண்டு, அழகிய சான்றிதழ் ஒன்றை அளிப்போர் உண்டு. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வீதம் பத்து நாள் படித்தாலும் 80 மணி நேரமே ஆகும். 4,200 எங்கே, 80 எங்கே? ஏற்கெனவே உடற்கூறு பயின்று பதிவுபெற்ற சிகிச்சையாளர் ஒருவருக்கு அத்தகைய வகுப்பு கூடுதல் திறனாக அமையலாம்; அடித்தளமே இல்லாதவருக்கு அது தொழிற்கல்வி ஆகாது.

இந்தியாவில் சட்டநிலை

அலோபதி மருத்துவர்களுக்குத் தேசிய மருத்துவ ஆணையம் உள்ளது. சித்தம், ஆயுர்வேதம், யுனானி ஆகியவற்றுக்கு 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த இந்திய மருத்துவ முறைக்கான தேசிய ஆணையம் உள்ளது. இயன்முறை மருத்துவம் எனப்படும் பிசியோதெரபி உள்ளிட்ட பல தொழில்களுக்கு, இணை மற்றும் சுகாதாரத் தொழில்வல்லுநர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021இல் இயற்றப்பட்டது. கைரோபிராக்டிக் தொழிலுக்கெனத் தனிச் சட்டமோ, தனிப் பதிவேடோ, உரிமம் வழங்கும் மன்றமோ நம் நாட்டில் இல்லை.

இதன் நடைமுறை விளைவுகள் மூன்று. முதலாவது, வெளிநாட்டில் முறையாகப் படித்துத் திரும்புபவரையும், பத்து நாள் வகுப்பில் சான்றிதழ் பெற்றவரையும் பொதுமக்கள் பிரித்தறிய அரசுப் பதிவேடு எதுவும் உதவாது. உழைத்துப் பெற்ற பட்டத்தின் மதிப்பைத் தாமே எடுத்துரைத்து நிலைநாட்ட வேண்டியிருக்கும். இரண்டாவது, அரசு மருத்துவமனைப் பணியிடங்கள் சட்டப்படியான பதிவை அடிப்படையாகக் கொண்டவை. அவற்றை எதிர்பார்த்து இப்படிப்பில் சேர இயலாது. பெருநகரங்களின் தனியார் சிகிச்சை நிலையங்கள், விளையாட்டு மருத்துவம், சொந்தத் தொழில் ஆகியவையே மிஞ்சும். மூன்றாவது, அமெரிக்கப் பட்டத்தின் பெயரில் 'டாக்டர்' என்ற சொல் இருப்பினும், இந்திய மருத்துவப் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் தம்மை நவீன மருத்துவராகக் காட்டிக்கொள்வதும் மருந்து எழுதித் தருவதும் சட்டத்திற்குப் புறம்பானவை.

எனவே, "இந்தியாவில் தொழில் செய்வதா, படிக்கும் நாட்டிலேயே தங்குவதா?" என்ற கேள்விக்கு விடை கண்ட பின்னரே "எங்கே படிப்பது?" என்ற கேள்விக்குச் செல்ல வேண்டும். பலர் இரண்டாவது கேள்வியை முதலில் கேட்கின்றனர்.

வெளிநாட்டுப் பாதைகள்

அமெரிக்காவில் இப்படிப்பு பட்டப்படிப்புக்குப் பிந்தைய தொழிற்கல்வியாகும். பொதுவாகக் குறைந்தது 90 செமஸ்டர் மணிகளுக்கான கல்லூரிப் படிப்பை, அதாவது ஏறத்தாழ மூன்றாண்டுப் படிப்பை முடித்தவர் சேரலாம். அதில் அறிவியல் பாடங்கள் இருத்தல் வேண்டும். பின்னர் ஏறத்தாழ நான்கு ஆண்டுப் படிப்பு. நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, கைரோபிராக்டிக் கல்விக்கான மன்றத்தின் அங்கீகாரம் அதற்கு நடப்பில் உள்ளதா எனப் பார்த்தல் கட்டாயம். படிப்போடு தேசியத் தேர்வு வாரியத்தின் பல பகுதிகள் கொண்ட தேர்விலும் தேறி, தொழில் செய்ய விரும்பும் மாநிலத்தின் உரிமத்தையும் பெற வேண்டும். ஒரு மாநில உரிமம் மற்றொரு மாநிலத்தில் தானாகச் செல்லாது. முழுப் படிப்பின் கல்விக் கட்டணம் மட்டுமே ஒரு லட்சம் டாலரைத் தாண்டுவது வழக்கம். தங்குமிடம், உணவு, காப்பீடு ஆகியவை தனி.

வருமானம்? அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2023 மே மாதக் கணக்குப்படி கைரோபிராக்டர்களின் இடைநிலை ஆண்டு ஊதியம் 76,530 டாலர். 'இடைநிலை' என்பதன் பொருள், பாதிப் பேர் அதைவிடக் குறைவாகப் பெறுகின்றனர் என்பதாகும். புதிதாகத் தொழிலுக்கு வருபவர் அந்தக் கீழ்ப்பாதியில் தொடங்குவதாக எண்ணிக் கணக்கிடுவதே பாதுகாப்பு. மேலும், மாணவர் விசாவில் சென்றவருக்குப் படிப்பு முடிந்தபின் பொதுவாகக் கிடைக்கும் பணிப்பயிற்சி அனுமதி 12 மாதங்களே. அதன்பின் பணி விசா கிடைப்பது உறுதியன்று.

பிரிட்டனில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, மன்றத்தில் பதிவு பெறாத எவரும் தம்மைக் கைரோபிராக்டர் என அழைத்துக்கொள்வது குற்றம். அங்கே போர்ன்மத் நகரில் 1965இல் தொடங்கப்பட்ட கல்லூரி ஐரோப்பாவில் இத்துறையின் பழைமையான நிறுவனங்களுள் ஒன்று. ஆஸ்திரேலியாவில் இளநிலையும் முதுநிலையும் இணைந்த ஐந்தாண்டுப் பாதை உள்ளது. தேசியப் பதிவு வாரியமும் உண்டு. கனடாவில் 1945 முதல் டொரண்டோவில் ஒரு கல்லூரி இயங்கிவருகிறது. நமக்கு அருகில், மலேசியத் தலைநகர் கோலாலம்பூரில் உள்ள பன்னாட்டு மருத்துவப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டப்படிப்பு நடத்தப்படுகிறது. மலேசியா 2016இல் இயற்றிய மரபு மற்றும் துணை மருத்துவச் சட்டத்தின்கீழ் இத்தொழிலும் வருகிறது. கட்டணமும் வாழ்க்கைச் செலவும் அமெரிக்காவைவிடக் குறைவு. ஆயினும் ஒரு நாட்டில் பெற்ற பட்டம் மற்றொரு நாட்டில் ஏற்கப்படுமா என்பதை அந்த மற்றொரு நாட்டின் பதிவு மன்றத்திடமே எழுத்துவழி கேட்டறிய வேண்டும். முகவரின் வாய்மொழி போதாது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஒரு குடும்பத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். தந்தை மாதச் சம்பளக்காரர், வயது 50, ஓய்வு வயது 60. மகன் அறிவியல் பட்டம் முடித்து அமெரிக்காவில் கைரோபிராக்டிக் படிக்க விரும்புகிறார். செலவில் ஒரு பகுதியைச் சேமிப்பிலிருந்து தந்து, 40 லட்சம் ரூபாயை வீட்டின் பத்திரத்தை ஈடாக வைத்துக் கல்விக்கடனாகப் பெறுகின்றனர். ஆண்டுத் தொடக்கத்தில் 10 லட்சம் வீதம் நான்கு தவணைகளாகக் கடன் வழங்கப்படுகிறது. வட்டி, விளக்கத்திற்காக மட்டும், ஆண்டுக்கு 10 விழுக்காடு எனக் கொள்வோம். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை விடுப்பு, அக்காலத்தில் தனிவட்டி. அதன்பின் 15 ஆண்டுகளில் திருப்பிச் செலுத்துதல்.

விடுப்புக் காலத்தில் முதல் தவணைக்கு ஐந்தாண்டு வட்டி 5 லட்சம், அடுத்ததற்கு 4 லட்சம், அதற்கடுத்ததற்கு 3 லட்சம், கடைசித் தவணைக்கு 2 லட்சம். ஆக 14 லட்சம். திருப்பிச் செலுத்தத் தொடங்கும் நாளில் கடன் 54 லட்சமாக நிற்கும். மாதத் தவணை ஏறத்தாழ 58,030 ரூபாய். 15 ஆண்டுகளில் செலுத்தும் மொத்தம் 1 கோடியே 4 லட்சத்தைத் தாண்டும்.

தவணை தொடங்கும்போது தந்தைக்கு வயது 55. ஐந்தாண்டுகள் ஒரு மாதம்கூடத் தவறாமல் செலுத்தி அவர் ஓய்வுபெறும் நாளில் கடன் நிலுவை எவ்வளவு இருக்கும்? ஏறத்தாழ 43 லட்சத்து 91 ஆயிரம் ரூபாய். முதலில் வாங்கிய 40 லட்சத்தைவிட அதிகம்! கடன் முழுதும் தீரும்போது அவருக்கு வயது 70. அதுவரை வீட்டின் பத்திரம் வங்கியின் பெட்டகத்தில்தான் இருக்கும். மகளின் திருமணத்திற்கோ இளைய பிள்ளையின் படிப்பிற்கோ அதே வீட்டை நம்பியிருந்தால், அந்த வாயில் அடைபட்டிருக்கும்.

இதே கணக்கில் சிறு மாற்றம் செய்வோம். விடுப்புக் காலத்தில் வட்டியை மட்டும் அவ்வப்போது கட்டிவந்தால் (முதலாண்டில் மாதம் 8,333 ரூபாய், படிப்படியாக உயர்ந்து நான்காம், ஐந்தாம் ஆண்டுகளில் 33,333 ரூபாய்) தவணை 42,984 ரூபாயாகக் குறையும். கட்டிய வட்டியையும் சேர்த்துப் பார்த்தாலும் மொத்தத்தில் ஏறத்தாழ 13 லட்சம் ரூபாய் மிச்சம். கல்விக்கடன் வாங்குவோருக்கு நாம் கூறும் அறிவுரைகளுள் மிக எளியதும் மிகுந்த பலன் தருவதும் இதுவே.

மாதத் தவணை, எதிர்பார்க்கும் மாத வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்பது நாம் கைக்கொள்ளும் பொது அளவுகோல். 58,030 ரூபாய்த் தவணைக்கு மாதம் 1 லட்சத்து 74 ஆயிரம் ரூபாய் வருமானம் வேண்டும். அமெரிக்காவில் பணி கிடைத்தால் இது எட்டக்கூடியது. விசா கிடைக்காமல் திரும்பி, இங்கே புதிதாகச் சிகிச்சை நிலையம் திறப்பவருக்கு முதலாண்டிலேயே இவ்வருமானம் வருமா? இக்கணக்கின் முழுப் பாரமும் இந்தக் கேள்வியில் தங்கியுள்ளது.

மற்றொரு நுணுக்கமும் உண்டு. கட்டணம் டாலரில், கடன் ரூபாயில். ஆண்டுக் கட்டணம் 30,000 டாலர் எனில், டாலரின் மதிப்பு ஒரு ரூபாய் உயரும்போது செலவு 30,000 ரூபாய் கூடும். ஆகவே நான்காண்டுச் செலவை இன்றைய மாற்று விகிதத்தில் பெருக்கி நிறுத்தாமல், சிறிது கூடுதலாகவே மதிப்பிட வேண்டும்.

கடன் விதிகளில் அறிய வேண்டியவை

இந்திய வங்கிகள் சங்கம் 2001இல் வகுத்து, அவ்வப்போது திருத்திவரும் மாதிரிக் கல்விக்கடன் திட்டமே பொதுவான அடிப்படை. 4 லட்சம் ரூபாய் வரை குடும்பத்தின் பங்குத்தொகை தேவையில்லை. அதற்குமேல் உள்நாட்டுப் படிப்பெனில் 5 விழுக்காடும், வெளிநாட்டுப் படிப்பெனில் 15 விழுக்காடும் பங்குத்தொகை. 7.5 லட்சம் ரூபாய் வரையிலான கடன்களுக்கு 2015 முதல் மைய அரசின் கடன் உத்தரவாத நிதி உள்ளது. அதன்கீழ் வருவனவற்றுக்குச் சொத்து ஈடு கேட்கப்படுவதில்லை. அதற்கு மேற்பட்ட கடன்களுக்குப் பொதுவாக ஈடு வேண்டும். எத்தொகையாயினும் பெற்றோர் இணைக் கடன்தாரர் ஆவர். கடனைத் திருப்பிச் செலுத்தும் பொறுப்பு மாணவரோடு அவர்களுக்கும் உண்டு.

2024 நவம்பரில் மைய அரசு ஏற்ற 'பிஎம் வித்யாலட்சுமி' திட்டம், தரவரிசையில் முன்னிற்கும் இந்திய உயர்கல்வி நிறுவனங்களில் சேர்வோருக்கு ஈடும் பிணையாளும் இன்றிக் கடன் பெற வழிசெய்கிறது. ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட, வேறு உதவித்தொகையோ வட்டிச் சலுகையோ பெறாத குடும்பத்து மாணவர்களுக்கு, 10 லட்சம் வரையிலான கடனுக்குத் தவணை விடுப்புக் காலத்தில் 3 விழுக்காடு வட்டிச் சலுகைக்கும் இதில் இடமுண்டு. வெளிநாட்டுப் படிப்புக்கு இது பொருந்தாது.

வெளிநாட்டிற்குப் பணம் அனுப்புவதில், குறிப்பிட்ட நிதி நிறுவனங்களிடம் பெற்ற கல்விக்கடனிலிருந்து அனுப்பும் தொகைக்கு 2025 ஏப்ரல் 1 முதல் மூல வரி வசூல் இல்லை. சொந்தப் பணத்திலிருந்து அனுப்பினால், ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட பகுதிக்கு வசூலிக்கப்படும். அதை வருமான வரிக் கணக்குத் தாக்கலின்போது சரிக்கட்டிக்கொள்ளலாம். பழைய வரிமுறையில் நீடிப்போருக்குக் கல்விக்கடனின் வட்டிக்கு, வரம்பின்றி, எட்டு ஆண்டுகள் வரை வரிக்கழிவு உண்டு, அசலுக்கு இல்லை.

அருகிலுள்ள மற்ற பாதைகள்

கையால் வலி தீர்க்கும் கலையில் ஈடுபாடு கொண்டவருக்குக் கைரோபிராக்டிக் ஒன்றே வழி அன்று. நம் நாட்டிலேயே பதிவும் பணிவாய்ப்பும் உள்ள இயன்முறை மருத்துவப் பட்டப்படிப்பு உள்ளது. பயிற்சிக் காலத்தோடு நான்கரை ஆண்டுகளாக நடந்துவந்த இப்படிப்புக்கு, ஆணையம் 2025இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம் ஐந்தாண்டுகளை வகுத்துள்ளது. சேரும் ஆண்டில் நடப்பிலுள்ள நுழைவு விதிகளைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். முதுநிலையில் எலும்பு, தசை, மூட்டுச் சிறப்புப் பிரிவைத் தேர்ந்தெடுத்தால் முதுகெலும்புக் கைமுறைச் சிகிச்சையை ஆழமாகப் பயிலலாம். ஆஸ்திரேலியாவில் உருவான மெய்ட்லண்ட் முறை, நியூசிலாந்தில் உருவான மல்லிகன், மெக்கன்சி முறைகள் ஆகியவை இயன்முறை மருத்துவர்கள் உலகெங்கும் கற்றுக் கையாள்பவை. பக்கவாதத்திற்குப் பின்னான மறுவாழ்வு, அறுவைக்குப் பின்னான பயிற்சி, குழந்தைகளின் இயக்கக் குறைபாடு எனப் பணிப்பரப்பும் விரிந்தது.

கணக்கிலும் வேறுபாடு பெரிது. ஆண்டுக்கு 1 லட்சத்து 20 ஆயிரம் வீதம் ஐந்தாண்டுக்கு 6 லட்சம் கடன் எனக் கொண்டால், அதே 10 விழுக்காட்டில் தவணை தொடங்கும்போது 8 லட்சத்து 40 ஆயிரம் ஆகும். பத்தாண்டில் தீர்க்க மாதம் 11,100 ரூபாய் போதும். உத்தரவாத நிதியின் வரம்புக்குள் கடன் அடங்குவதால் வீட்டின் பத்திரம் வீட்டிலேயே இருக்கும். பட்டம் பெற்றபின் சொந்தச் சிகிச்சை நிலையம் அமைக்க முத்ரா திட்டத்தின்கீழ் 10 லட்சம் வரை தொழில் கடனுக்கு விண்ணப்பிக்கலாம். 'தருண்' பிரிவில் முன்பு பெற்ற கடனை முறையாகத் தீர்த்தவருக்கு அது 20 லட்சம் வரை நீளும்.

மரபு மருத்துவத்தில் நாட்டமுள்ள தமிழ் மாணவர்களுக்கு, பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை ஆண்டுகள் கொண்ட சித்த மருத்துவப் பட்டப்படிப்பும் உண்டு. சித்தத்தின் புற மருத்துவ முறைகளான வர்மமும் தொக்கணமும் கைத்திறனை நம்புபவை. அப்பட்டம் பெற்றவர் சட்டப்படி பதிவுபெற்ற மருத்துவர் ஆவார்.

இவற்றுள் ஒன்றை முதலில் முடித்துவிட்டு, பின்னர் வெளிநாட்டில் கைரோபிராக்டிக் பயில்வதும் கருதத்தக்க வழியே. காலம் கூடும், ஆனால் விசாவோ உரிமமோ கைகூடாவிட்டாலும், நாடு திரும்பியவருக்கு ஊன்றி நிற்க ஒரு பதிவு இருக்கும்.

விண்ணப்பிக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

1. மாணவர் இத்தொழிலை நேரில் கண்டிருக்கிறாரா? காணொளி போதாது. முறையாகப் பயின்ற சிகிச்சையாளர் அல்லது இயன்முறை மருத்துவர் ஒருவரின் அனுமதியோடு சில வாரங்கள் உடனிருந்து பார்க்கட்டும். நாள் முழுதும் நின்று, குனிந்து, அதே வலியைப் பற்றிய அதே சொற்களைப் பொறுமையோடு கேட்கும் வேலை அது.

2. மாணவரின் உடல் இதற்கு இடம் தருமா? தம் முதுகும் மணிக்கட்டும் நலமாக இருந்தால்தான் பிறர் முதுகைத் தொட முடியும்.

3. படிக்கவிருக்கும் நிறுவனத்திற்கு நடப்பில் அங்கீகாரம் உள்ளதா? அங்கீகரிக்கும் மன்றத்தின் பட்டியலில் அதன் பெயரை நேரடியாகச் சரிபார்த்தீர்களா?

4. படிப்பு முடிவதற்கும் உரிமம் கிடைப்பதற்கும் இடையே எத்தனை மாதங்கள் ஆகும்? தவணை விடுப்பு ஓராண்டே. தேர்வில் ஒரு பகுதி தவறினாலும் தவணை காத்திருக்காது.

5. பணி விசா கிடைக்காவிட்டால் இந்தியாவில் எந்த ஊரில், எந்த முதலீட்டில் தொழில் தொடங்குவது? முதல் இரண்டு ஆண்டுத் தவணைக்கு ஒதுக்கிவைத்த தொகை உண்டா?

6. ஓய்வுக்குப் பின்னும் தவணை தொடருமானால், பெற்றோரின் ஓய்வூதியம் அதைத் தாங்குமா? மாணவரின் பெயரில் கடன் தொகைக்கு ஈடான ஆயுள் காப்பீடு எடுக்கப்பட்டுள்ளதா?

7. வீட்டில் உள்ள மற்ற பிள்ளைகள் இம்முடிவை அறிவார்களா? ஒரே சொத்தை ஒருவர் படிப்புக்கு ஈடு வைக்கும்போது அவர்களும் கலந்து பேசப்பட வேண்டியவர்கள்.

இக்கேள்விகளுள் ஐந்தாவதற்குத் தெளிவான விடை இருக்குமாயின், கைரோபிராக்டிக் துணிந்து செல்லத்தக்க பாதையே. தேர்ச்சி பெற்ற கைகளுக்கு உலகெங்கும் தேவை உண்டு. விடை இல்லாவிடில், இயன்முறை மருத்துவத்தில் தொடங்குவதே அறிவுடைமை என்பது நமது கருத்து.

பெற்றோர் சிலர், பிள்ளையின் ஆர்வத்தைக் குலைத்துவிடுவோமோ என அஞ்சி வருமானத்தைப் பற்றிக் கேட்கத் தயங்குகின்றனர். பிள்ளைகள் சிலர், பெற்றோர் மனம் நோகுமோ என அஞ்சிக் கடனின் அளவைப் பற்றிப் பேசத் தயங்குகின்றனர். இரு தரப்பும் அன்பினாலேயே மௌனம் காக்கின்றன; அந்த மௌனத்திற்கும் வட்டி ஏறிக்கொண்டே போகும். ஒரு மாலைப்பொழுதில் குடும்பத்தார் அனைவரும் ஒன்றாக அமர்ந்து, மேற்கண்ட கணக்கைத் தங்கள் எண்களைக் கொண்டு ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பின்னர், சேர்க்கை முன்பணம் செலுத்துவதற்கு முன்பாகவே, அந்தத் தாளோடு அருகிலுள்ள கிளைக்கு வாருங்கள். நடப்பு வட்டி விகிதத்தில் தவணையைக் கணக்கிட்டுத் தரவும், எந்தத் திட்டம் பொருந்தும் என விளக்கவும் நமது அலுவலர்கள் காத்திருக்கின்றனர். முன்பணம் செலுத்திய பின் வருவோருக்கும் நாம் உதவுவோம். ஆனால் அப்போது தேர்ந்தெடுக்கும் வழிகள் குறைந்திருக்கும்.